தோற்ற மறுநாள் காலை: ஒரு ஸ்பர்ஸ் ரசிகனிடம் கேள்வி பதில்

டிம் டங்கன் ஆடிய காலத்திலிருந்து நான் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் பக்கம். என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக் பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்றுதான் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி: பிளே-ஆஃபில் டீம் தோற்றுவிட்டது, என்ன செய்வது?

கேள்வி (கோவை): அண்ணா, எங்கள் டீம் ஏழாவது ஆட்டத்தில் வெளியேறி மூன்று நாள் ஆகிறது. ராத்திரி படுத்தால் கடைசி நிமிடம்தான் மண்டைக்குள் ஓடுகிறது. எழுந்து கிளிப்பைப் போட்டுப் பார்க்கிறேன். 2013-ஐ நீங்கள் எப்படித் தாண்டி வந்தீர்கள்?

தாண்டி வந்தேன் என்று யார் சொன்னது தம்பி?

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2013 இறுதித் தொடர்; ஏழு ஆட்டத்தில் முதலில் நான்கை ஜெயிப்பவருக்குக் கோப்பை. மயாமி ஹீட்டுக்கு எதிராக ஸ்பர்ஸ் 3-2 என்று முன்னால் இருக்கிறது. ஆறாவது ஆட்டம் மயாமியில். அங்கே ஜூன் 18 ராத்திரி, சென்னையில் எனக்குப் புதன்கிழமை காலை. 28 விநாடி மிச்சம், ஸ்கோர் 94-89. கோப்பை கொடுப்பதற்காக மஞ்சள் கயிறோடு ஆட்கள் ஓரத்தில் வந்து நின்றுவிட்டார்கள். மயாமி ரசிகர்கள் பலர் எழுந்து வெளியே போய்க்கொண்டிருக்கிறார்கள். நான் ஆபீசுக்குக் கிளம்பி, ஒரு காலில் மட்டும் ஷூ போட்டபடி லேப்டாப் முன்னால் நிற்கிறேன். அந்த நேரத்தில் ஹீட் ரசிகனான என் நண்பனுக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்பினேன்: "அஞ்சு!" ஐந்தாவது கோப்பை.

மயாமியின் லெப்ரான் ஜேம்ஸ் எறிந்த மூன்று புள்ளி ஷாட் தவறியது. பந்து சுற்றி மறுபடி அவரிடமே வந்தது, இந்த முறை விழுந்தது. 94-92. எங்கள் கவாய் லெனர்டுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைப்பது, ஒவ்வொன்றும் ஒரு புள்ளி), ஒன்றைத் தவறவிட்டார். 95-92. லெப்ரான் மறுபடி எறிந்தார், தவறியது. ரீபவுண்டு எடுப்பதில், அதாவது தவறி வரும் பந்தைப் பிடிப்பதில், எங்களிடம் இருந்த பெரிய ஆள் டங்கன். அவர் அப்போது பெஞ்சில். பந்தை மயாமியின் கிறிஸ் பாஷ் பிடித்தார். அவர்களுடைய ரே ஆலன் பின்பக்கமாகவே நடந்து வலது மூலைக்குப் போனார். குனிந்து மூன்று புள்ளிக் கோட்டைப் பார்க்கக்கூட இல்லை. பந்து கைக்கு வந்தது, எறிந்தார். 5.2 விநாடி மிச்சம், 95-95. கூடுதல் நேரமான ஓவர்டைமில் 103-100, போச்சு.

நண்பனிடமிருந்து பதில் வந்தது: "அஞ்சு." ஆச்சரியக்குறி இல்லை. எண்ணைச் சொன்னானா, பயப்படு என்று சொன்னானா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டம். கடைசி நிமிடத்தில் சமன் செய்ய டங்கனுக்கு வளையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வாய்ப்பு. எதிரே அவரைவிட உயரம் குறைந்த ஷேன் பாட்டியர். தவறியது. திரும்பி ஓடி வந்து குனிந்து இரண்டு கையாலும் தரையை அறைந்தார். 95-88, கோப்பை மயாமிக்கு. என்ன நடந்தாலும் முகத்தில் காட்டாத மனிதர் அவர்.

உங்களுக்கு ஒரே யோசனைதான். ஒரு வாரம் கிளிப்பைத் தொடாதீர்கள். அப்புறம் பார்ப்பதானால் முழு ஆட்டத்தையும் பாருங்கள். கிளிப்பில் ஆலன்தான் வில்லன். முழு ஆட்டத்தில் கதை வேறு. முதல் பாதியில் மட்டும் 25 புள்ளி எடுத்த டங்கன் நான்காவது கால்பகுதியிலும் ஓவர்டைமிலும் ஒன்றுகூட எடுக்கவில்லை. எங்களுக்குப் பத்துப் புள்ளி முன்னிலையோடு அந்த நான்காவது கால்பகுதி தொடங்கியது; தலைப்பட்டை கழன்று விழுந்த லெப்ரான் அதில் மட்டும் 16 எடுத்தார். ஆட்டம் கையைவிட்டுப் போனது பன்னிரண்டு நிமிடத்தில், ஐந்து விநாடியில் இல்லை. இதைத் தெரிந்துகொண்டதால் வலி குறையவில்லை. ஆனால் தூக்கம் வந்தது.

கேள்வி (மதுரை): வாட்ஸ்அப் குரூப்பை மியூட் செய்யலாமா?

இன்னும் செய்யவில்லையா!

கேள்வி (சென்னை): சார், என் கணவர் பற்றிய கேள்வி. அவர் டீம் தோற்ற காலையில் டிபனைத் தொடமாட்டார். பிள்ளைகள் பக்கத்தில் போனாலே எரிந்து விழுகிறார். "ரெண்டு நாள் விடு, சரியாயிடும்" என்கிறார். விட்டுவிடலாமா?

மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்காரட்டும், விடலாம். பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதை விடக்கூடாது.

டேவிட் கார்டு, கார்டன் டால் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்கக் கால்பந்தை வைத்து ஓர் ஆய்வு செய்து 2011-இல் வெளியிட்டார்கள். ஜெயிக்கும் என்று எதிர்பார்த்த உள்ளூர் அணி தோற்றால், வீட்டுக்குள் மனைவியையோ துணைவியையோ ஆண்கள் தாக்கும் சம்பவங்கள் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகின்றன என்று போலீஸ் பதிவுகளை வைத்துக் காட்டினார்கள். உங்கள் கணவர் அப்படிப்பட்டவர் என்று சொல்ல வரவில்லை. "டீம் தோத்துருச்சு, அதான்" என்ற சாக்கு எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்குத் தெரியட்டும்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். அந்த ஆறாவது ஆட்டத்துக்கு முன்பே, ஜெயித்தால் கொண்டாட என்று ஸ்பர்ஸ் கோச் கிரெக் பாப்பவிச் மயாமியில் ஓர் உணவகத்தில் இடம் பிடித்து வைத்திருந்தார். தோற்ற பிறகு அதை ரத்து செய்யவில்லை. எல்லோரையும் அங்கேயே வரவைத்து, மேசை மேசையாகப் போய்ப் பேசி, சாப்பிட வைத்தார். தோற்றவர்களே சாப்பிட்டார்கள், இட்லியைத் தள்ளிவைக்க உங்கள் கணவர் யார்?

கேள்வி (திருச்சி): எல்லாம் ரெஃப்ரி செய்த வேலை. இல்லை என்று சொல்வீர்களா?

சில நேரம் உண்மைதான். 2002 மேற்கு மண்டல இறுதியில் சாக்ரமென்டோ கிங்ஸுக்கும் லேக்கர்ஸுக்கும் நடந்த ஆறாவது ஆட்டத்தைப் பாருங்கள். கடைசிக் கால்பகுதியில் மட்டும் லேக்கர்ஸுக்கு 27 ஃப்ரீ த்ரோ. கிங்ஸ் ரசிகர்கள் இன்றும் அதைச் சொல்லிக் கொதிப்பார்கள், நியாயம்தான். ஆனால் ஏழாவது ஆட்டம் அவர்கள் சொந்த ஊரில் நடந்தது. அதில் கிங்ஸ் 30 ஃப்ரீ த்ரோ எறிந்து 16-ஐத்தான் போட்டார்கள், ஓவர்டைமில் தோற்றார்கள். விசில் ஊதியவர் அந்த 14-ஐத் தட்டிவிடவில்லையே. திட்டுங்கள், ஆனால் இரண்டு ஆட்டத்தையும் சேர்த்துத் திட்டுங்கள்.

கேள்வி: 0-3 என்று பின்னால் இருக்கிறோம். நம்பிக்கை வைக்கலாமா?

என்பிஏ-வில் அங்கிருந்து தொடரை ஜெயித்தவர் இல்லை. 2023-இல் பாஸ்டன் 3-3 வரை வந்து, ஏழாவதைச் சொந்த ஊரில் தோற்றது. அடுத்த ஆட்டத்தைப் பாருங்கள், தொடரைப் பார்க்காதீர்கள்.

கேள்வி (ஈரோடு): போகாத ஊர், பார்க்காத ஆட்கள். இதற்கு அழுவது பைத்தியக்காரத்தனம் இல்லையா? என் அப்பா அப்படித்தான் சொல்கிறார்.

ராபர்ட் சால்டினி என்ற உளவியலாளர் 1976-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைக் கவனித்து எழுதினார். கல்லூரி அணி ஜெயித்தால் "நாங்கள்" என்றார்கள். தோற்றால் அது "அவர்கள்" ஆகிவிட்டது. நம் ஊரிலும் அதேதானே? "நாம ஜெயிச்சிட்டோம்", மறுவாரம் "அவனுங்க சொதப்பிட்டானுங்க". தோற்ற அன்றும் "தோத்துட்டோம்" என்று சொல்கிற ஆள் நீங்கள். அதனால்தான் வலிக்கிறது. அப்பாவிடம் 1996 உலகக் கோப்பை அரையிறுதியில் ஈடன் கார்டனில் என்ன ஆனது என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறும்.

கேள்வி (டொராண்டோ): அண்ணா, இங்கே வீட்டில் தலைகீழ். நாங்கள் ராப்டர்ஸ், ஐந்து வயது மகன் மட்டும் ஃபிலடெல்ஃபியா. 2019-இல், அப்போது ராப்டர்ஸில் ஆடிய கவாய் கடைசி விநாடியில் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை குதித்து உள்ளே விழுந்ததை வீடியோவில் பார்த்துவிட்டு அழுகிறான். அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்தது அது!

பரம்பரைச் சொத்து மாதிரி சோகத்தையும் வாங்கிக்கொண்டான். "வெறும் விளையாட்டுதானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்று ஃபிலடெல்ஃபியாவின் ஏழு அடி உயரமுள்ள ஜோயல் எம்பீடே அழுதுகொண்டுதான் உள்ளே போனார், அந்த வீடியோவையும் காட்டுங்கள். நீங்கள் சிரிப்பதை அவன் பார்க்காமல் இருந்தால் சரி.

கேள்வி (கோவை, மறுபடி): அண்ணா, 2014-இல் அதே மயாமியை 4-1 என்று அடித்தீர்களே. அதோடு சரியாகிவிடவில்லையா?

ஜெயித்த நான்கும் 15 புள்ளிக்குக் குறையாத வித்தியாசம். ஒரு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்ட அதே கவாய்தான் தொடர் நாயகன். அவ்வளவு அழகான கூடைப்பந்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த வலது மூலை அங்கேயேதான் இருக்கிறது தம்பி. வேறு அணிகள் ஆடும்போதுகூட, அந்த மூலையில் ஒருவன் தனியாக நின்றால் எனக்கு வயிறு கலங்கும்.

அந்த ஜூன் 16, திங்கட்கிழமை காலை நண்பனுக்கு மறுபடி "அஞ்சு" என்று அனுப்பினேன். கடிகாரம் முழுக்க ஓடி முடிந்து, இரண்டு காலிலும் ஷூவை மாட்டிக்கொண்ட பிறகுதான்.