பழைய வாட்ச்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கேள்வி: தாத்தாவின் சாவி கொடுக்கும் வாட்ச் பல வருடம் பீரோவில் கிடந்தது. நேற்று சாவி கொடுத்தேன். ஒரு கட்டத்துக்கு மேல் சுற்ற வரவில்லை, ஓடவும் இல்லை. அதிகமாகச் சுற்றிக் கெடுத்துவிட்டேனா?

பதில்: இல்லை. வாட்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் முழுதாக ஏறிவிட்டது, அவ்வளவுதான். உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். ஸ்பிரிங் தள்ளுகிறது, சக்கரங்கள் நகர மறுக்கின்றன. மெஷினை முழுக்கப் பிரித்துக் கழுவி, புது எண்ணெய் வைத்தால் பெரும்பாலும் ஓடிவிடும். அதுவரை தட்டாதீர்கள், குலுக்காதீர்கள்.

கேள்வி: பின்மூடியைத் திறந்து ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. இப்போது மணிக்கு இருபது நிமிடம் முந்துகிறது.

பதில்: ஐயோ! வாட்சுக்குள் ஒரு சொட்டு என்பது வெள்ளம். மெக்கானிக் ஊசிமுனையில் தொட்டுத்தான் வைப்பார். உங்கள் எண்ணெய், மயிர்போல் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் பரவி, அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். சுருள் ஒட்டினால் ஸ்பிரிங் குட்டையானதுபோல் ஆகிவிடும், அதோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் வேகமாக ஆடும். காந்தம் ஏறினாலும் இதே கூத்துதான். திசைகாட்டியின் அருகே வாட்சை மெல்ல நகர்த்துங்கள். அதன் முள் நன்றாக இழுபட்டால் காந்தம். காந்தத்தை நீக்கும் டீமேக்னடைஸர் கருவியில் சில விநாடி காட்டினால் போதும். எண்ணெய் என்றால் கழுவித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: 1950களின் ஒமேகா என்று ஒருவர் விற்கிறார். டயல் புதுசுபோல் மின்னுகிறது, இருட்டிலும் ஒளிர்கிறது. அசலா?

பதில்: எனக்கு அந்த மினுமினுப்புதான் இடிக்கிறது. பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். அசல் அச்சில் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும்; மறுபடி அச்சடித்த டயலில் எழுத்து தடித்து, கசிந்து தெரியும். அப்புறம், நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேராகச் சேர்கின்றனவா? நான் ஏமாந்து வாங்கிய முதல் வாட்சில் 7 மணிக் குறி கோட்டைவிட்டு மயிரிழை விலகி நின்றது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணில் பட்டது!

ஒளிர்வு இன்னொரு சாட்சி. அந்தக் காலத்தில் பூசியது ரேடியம் என்ற கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், சுமார் 1,600 ஆண்டு. ஆனால் அதோடு கலந்து ஒளிரும் பூச்சு எப்போதோ செத்திருக்கும், எனவே இன்று பளிச்சென்று ஒளிர்ந்தால் பின்னால் பூசியது. டயலின் அடியில் 'டி ஸ்விஸ் டி' என்றிருந்தால் அது டிரிட்டியம் என்ற வேறொரு ஒளிர்பூச்சுப் பொருள், 1960களிலிருந்து வந்தது. 1950களின் வாட்சில் அது இருந்தால் டயல் மாறியிருக்கிறது. ரேடியம் டயலை நீங்களே திறந்து சுரண்டிப் பார்க்க வேண்டாம், அந்தத் தூள் உடம்புக்குள் போகக் கூடாது.

கடைசியில் மெஷின். ஒமேகா மெஷினில் பொறித்த வரிசை எண் ஆண்டைத் தோராயமாகச் சொல்லும். அதுவும் பின்மூடியின் உட்புற எண்ணும் ஒரே காலத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பல வாட்சுகளைச் சேர்த்து ஒட்டுப்போட்டது. டயல் மட்டும் புதுப்பித்திருந்தால் அதைப் போலி என்று சொல்ல மாட்டேன். ஆனால் விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: என்னிடம் இருப்பது 6139 மெஷின் உள்ள செய்கோ வாட்ச். சீரியல் '1N' என்று தொடங்குகிறது. எந்த ஆண்டு?

பதில்: முதல் எழுத்து ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணாகவே இருக்கும். அக்டோபருக்கு வட்டம், நவம்பருக்கு N, டிசம்பருக்கு D. இந்த மெஷின் 1969இல் வந்தது, 1970களோடு முடிந்தது. ஆகவே உங்களுடையது 1971 நவம்பர். மெஷின் மேலும் 6139 இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: விநாடி முள் வழுக்கி ஓடினால் அசல்தானே?

பதில்: மெக்கானிக்கல் என்று மட்டும்தான் தெரியும். மணிக்கு 18,000 துடிப்பு என்றால் விநாடிக்கு ஐந்து சின்னத் தாவல், 28,800 என்றால் எட்டு. போலிக்குள்ளும் மெக்கானிக்கல் மெஷின் உண்டு.

கேள்வி: வாட்சின் வெளிக்கூடான கேஸுக்கு பாலிஷ் போடலாமா?

பதில்: வேண்டாம், விளிம்புகள் மழுங்கிவிடும். கண்ணாடி அக்ரிலிக்காக இருந்தால் துளி பற்பசையும் மெல்லிய துணியும் போதும், லேசான கீறல்கள் மறையும்.

கேள்வி: பின்மூடியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்றிருக்கிறது. கையில் கட்டிக்கொண்டே குளிக்கலாமா?

பதில்: அது கடையைவிட்டு வந்த அன்றைய சங்கதி. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் இப்போது காய்ந்து வெடித்திருக்கும். கண்ணாடிக்குள் பனிபோல் படிந்தால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொடுங்கள். மறுநாள் என்று விட்டால் துரு பிடிக்க ஆரம்பித்துவிடும்.