ஊரைக் கூட்டும், பிள்ளை

அன்புள்ள ரீச்சருக்கு,

நான் முத்தையன்கட்டுப் பக்கம். முதல் பிள்ளை, இப்போது 35 கிழமை. கார்த்திகைக் கடைசியில் திகதி தந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிப் பையில் என்னென்ன வைப்பது, நோ வந்தால் எந்த நேரம் வெளிக்கிடுவது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். யூரியூப்பில் நெய் சாப்பிடு, ஆமணக்கெண்ணெய் குடி, குனிந்து வீடு கூட்டு என்கிறார்கள். சிசேரியன் என்றால் எனக்குச் சரியான பயம். மாமியைக் கேட்டால், "உன்ர மனுசனை நான் ஆமியின்ர ஜெயசிக்குறுச் சண்டை நேரம் கொட்டிலுக்குள்ள பெத்தனான். ஒரு சத்தம் போடேல்லை. இப்பத்தைப் பெட்டையளுக்கு ஒரு நோவெண்டா ஊரைக் கூட்டோணும்" என்கிறா. நான்தான் வீண் பயந்தாங்கொள்ளியோ என்று இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள பிள்ளைக்கு,

வழக்கமாகக் கடிதங்களை ஆறப்போட்டுத்தான் பதில் எழுதுவேன். உம்முடையதை வாசித்த கையோடு எழுதுகிறேன். காரணம் பை அல்ல, மாமி. அண்மையில் ஒரு செத்தவீட்டில் என் வயதுப் பெண்கள் சிலர் கூடியிருந்து இதே கதையை ஒருவரை ஒருவர் முந்திச் சொன்னார்கள். ஒருத்தி பங்கருக்குள் பெற்றவள், ஒருத்தி ரக்ரர்ப் பெட்டிக்குள், ஒருத்தி கடைசி யுத்தத்தில் மாத்தளனில் தறப்பாளுக்குக் கீழே. பக்கத்தில் நிறைமாதத்தில் ஒரு பெட்டை, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி, தனக்கு நாரி நோகிறது என்று சொல்லக்கூட வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று நான் கதைக்காமல் எழும்பி வந்துவிட்டேன். செத்தவீட்டில் சண்டை பிடிக்கக் கூடாதே.

சில்லறைகளை முதலில் முடித்துவிடுகிறேன். கிளினிக் கொப்பியும் அடையாள அட்டையும் ஸ்கான் துண்டுகளும் பையில் எல்லாவற்றுக்கும் மேலே கிடக்கட்டும். முன்பக்கம் திறக்கிற சட்டை, பெரிய பாட், தோய்த்துக் காயவைத்த பழைய பருத்தித் துணி, பிள்ளைக்குத் தொப்பி, சுடுதண்ணிப் போத்தல். மிச்சத்தை உமது மிட்வைஃப் சொல்லுவா. ஆமணக்கெண்ணெயைத் தொட வேண்டாம். நெய்யில் பிள்ளை வழுக்கிக்கொண்டு வராது, சாப்பாடு போகும் வழி வேறு, பிள்ளை வரும் வழி வேறு. வீடு கூட்ட ஆளில்லை என்றால் கூட்டும், சுகப்பிரசவத்துக்காகக் கூட்ட வேண்டாம். சிசேரியன் தேவையோ இல்லையோ என்பது பிள்ளை கிடக்கிற விதத்தையும் அதன் இதயத்துடிப்பையும் இப்படியான இன்னும் சிலதையும் பொறுத்தது. உமது தைரியத்துக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. வெட்டிப் பெற்றவள் அரைத்தாய் என்று வீடியோ போடுகிறவனின் வாயில் மண்.

இனி மாமியிடம் வருகிறேன்.

உமது மாமியும் நானும் ஒரு காலத்து ஆட்கள். 1996இல் கிளிநொச்சியை ஆமி பிடித்தபிறகு சனமெல்லாம் மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் ஒதுங்கியது. 1998இல் நான் அனிஞ்சியன்குளத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில் நிறைமாதம். கரண்ட் இல்லை. பெற்றோலுக்குத் தடை, மோட்டார்சைக்கிள் மண்ணெண்ணெய்ப் புகை கக்கிக்கொண்டு ஓடும். மலேரியா வராத வீடு இல்லை.

நான் கத்துகிற ஆள். நோ கடுக்கத் தொடங்கியதுமே கத்தினேன். "ரீச்சர் ஊரைக் கூட்டிப்போட்டா" என்று பிறகு கனநாள் பகிடி பண்ணினார்கள். ஊர் கூடினபடியால்தான் ஒரு லாண்ட்மாஸ்டர் ரக்ரர் வந்தது, அதற்கு எண்ணெய் வந்தது, லாம்பு பிடிக்க ஆள் வந்தது. பிள்ளை பிறந்தபிறகு எனக்கு இரத்தம் நிற்கவில்லை. அங்கிருந்த மருத்துவிச்சி அம்மா கர்ப்பப்பை இறுகும்வரை என் வயிற்றைப் பிசைந்தா, ஊசி போடுவித்தா, வாசலில் நின்ற பெடியளை இரத்தம் கொடுக்கத் துரத்தினா. இன்றைக்கு நான் இருந்து எழுதுவதற்கு அந்த மனுசியின் கைதான் காரணம். என் பொறுமை அல்ல.

பக்கத்துக் கொட்டிலில் இன்னொருத்தி இருந்தாள். எனக்கு ஒரு மாதம் பிந்தித் திகதி. அவளின் தாய் இன்னும் உயிரோடு இருக்கிறபடியால் பெயர் சொல்ல மாட்டேன். வாயில்லாத பிள்ளை, ஒருத்தருக்கும் கரைச்சல் கொடுக்க விரும்பாதவள். என்னைக் காட்டித்தான் அவளைப் புகழுவார்கள்: "அதைப் பார், எவ்வளவு பொறுமை." கடைசிக் கிழமைகளில் அவளுக்குத் தலையிடி. ஊர் முழுக்க மலேரியாத் தலையிடி, இவளுடையதை ஆர் கணக்கெடுப்பது? முகம் ஊதியது. தாய்மைக் களை வந்திட்டுது என்றார்கள். கண் மங்கலாய்க் கிடக்கு என்று ஒருநாள் என்னிடம் மெல்லமாய்ச் சொன்னாள், நித்திரை இல்லாததாலதான் அக்கா என்று தானே மறுமொழியும் சொன்னாள். மற்றநாள் வலிப்பு வந்தது. முதலில் நூல் கட்டுகிற ஆளைத் தேடி ஓடினார்கள், பிறகுதான் ரக்ரர் தேடினார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது. இரண்டு உயிர். கர்ப்பகாலத்தில் ஏறுகிற பிரஷர் அது. கையில் பட்டியைக் கட்டிப் பார்த்திருந்தால் முதலே பிடிபட்டிருக்கும்.

செத்தவீடுகளில் கதை சொல்ல வருவது தப்பி வந்த நாங்கள்தான். அவள் வருவதில்லை. அதனால் கொட்டிலுக்குள் பெற்றதெல்லாம் சுகமாய் முடிந்தது என்று ஊரில் ஒரு கணக்கு நிற்கிறது. அது பிழைக் கணக்கு. 1930களில் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பிள்ளைப்பேற்றுக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் செத்தார்கள். இப்போது அது 50க்கும் கீழே நிற்கிறது. இடையில் பெண்களின் துணிவு கூடினதா? எங்கள் ஆச்சிமார் எங்களைவிட நெஞ்சுரம் உள்ளவர்கள். வீட்டிலேயே பெற்றார்கள், பல்லைக் கடித்தார்கள், செத்தார்கள். மிட்வைஃப்மார் வீடுவீடாய் ஏறி இறங்கினார்கள், கிளினிக் வந்தது, இரத்த வங்கி வந்தது, காசில்லாமல் ஆஸ்பத்திரி வந்தது. அதனால் இறங்கின கணக்கு அது. மலேரியாவும் போய், 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்துவிட்டது. ஆகவே இப்போது ஒரு பிள்ளைத்தாச்சிக்குத் தலையிடி என்றால் சாட்டுச் சொல்ல மலேரியாவும் இல்லை.

மாமியில் எனக்குக் கோபம் இல்லை, அதை நம்பும். சத்தம் போடேல்லை என்கிறா. சத்தம் போட்டிருந்தாலும் செல் சத்தத்துக்குள் ஆருக்குக் கேட்டிருக்கும்? கேட்க ஆளில்லாத காலத்தைப் பெருமையாக்கி வைத்துக்கொண்டுதான் எங்களில் கனபேர் இவ்வளவு காலமும் சீவித்தோம். அந்தப் பெருமையை அவவிடமிருந்து பறிக்க எனக்கு மனமில்லை. ஆனால் அதை எடுத்து உமது வயிற்றை அளக்க அவவுக்கு உரிமை இல்லை.

உம்மில்தான் எனக்குக் கோபம். மாதாமாதம் கிளினிக்குக்குப் போய் வருகிறீர், திரிபோஷாச் சத்துமா வாங்குகிறீர், பிரஷர் பார்க்கிறார்கள், வயிறு பார்க்கிறார்கள். அங்கே வாய் திறந்து கேட்காமல், தமிழ் படிப்பித்த கிழவி ஒருத்திக்கு இரவிரவாய்க் கடிதம் எழுதுகிறீர். பயந்தாங்கொள்ளியோ என்று வேறு கேள்வி. பயப்படும், நல்லாய்ப் பயப்படும். பயந்தவள்தான் வேளைக்கு வெளிக்கிடுவாள்.

இரத்தம் பட்டால் வெளிக்கிட வேண்டும். பன்னீர்க்குடம் உடைந்தால், நோ ஒரு துளி இல்லாவிட்டாலும் வெளிக்கிட வேண்டும், தண்ணீர் பச்சையாகத் தெரிந்தால் இன்னும் கெதியாய். விடாத தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்றில் நோ, காய்ச்சல் எதுவென்றாலும் அப்படித்தான். பிள்ளையின் துடிப்புக் குறைந்தது போல இருந்தால் "விடியட்டும், பார்ப்பம்" என்ற பேச்சே இல்லை. 37 கிழமை தாண்டினபிறகு வெறும் நோ மட்டும் என்றால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம், அதற்கு முதல் என்றால் உடனே வெளிக்கிட வேண்டும். முறை இல்லாமல் வந்து, நடந்தாலோ படுத்தாலோ விட்டுப்போவது பொய்நோ. இடைவெளி குறுகிக்குறுகி, ஒவ்வொன்றும் முந்தினதைவிட நீளமாய்க் கடுப்பது மெய்நோ. முதற்பிள்ளைக்குக் கனநேரம் எடுக்கும். கர்ப்பப்பை வாய் 5 சென்ரிமீற்றர் திறக்கும்வரை மெல்லமாய்த்தான் போகும் என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் எழுதி வைத்திருக்கிறது, "இன்னும் வரேல்லையோ" என்று வெளியில் நின்று அவசரப்படுத்துகிறவர்களிடம் அதைச் சொல்லும். பொய்நோ என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். மறுபடியும் போம். அதில் என்ன வெட்கம்?

உமது ஊரில் இருந்து கார்த்திகை மழைக்குள் சாமத்தில் வெளிக்கிடுவது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. குளம் நிரம்பி வான் பாயும், றோட்டை வெள்ளம் மூடும், யானை நிற்கும். அடுத்த கிளினிக்கில் டொக்டரிடமே கேளும்: "நான் தூரம், மழைக்காலம், முதலே வாட்டில் நிற்கலாமோ?" அது ஏலாது என்றால் முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் போய் இரும். முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரி அங்கிருந்து கிட்ட.

இன்னொன்று. உமது கடிதத்தில் மனுசன் எங்கே? மாமி பெற்ற பிள்ளையாக ஒரு வசனத்தில் வருகிறார், பிறகு ஆளைக் காணோம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், ஆனால் வளவில் எந்த மூலையில் சிக்னல் கிடைக்கும் என்று அவர் இப்போதே பார்த்து வைக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டு ஓட்டோக்காரரோடு கதைத்து வைக்க வேண்டும். உம்முடைய இரத்த வகை என்னவென்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். பை அடுக்குவதை அவரிடமே விடும்.

லேபர் றூமில் "கத்தாதை" என்று அதட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வலியில் கிடக்கிறவளைப் பார்த்துச் சொல்லக் கூடாததையும் சொல்லுவார்கள், நானே கேட்டிருக்கிறேன். நெற்றி தடவி விடுகிறவர்களும் அதே அறையில்தான் வேலை செய்கிறார்கள். துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடுவார்களோ என்று முன்கூட்டியே கேட்டுவையும், அந்தத் துணையைத் தாய் தானே தெரிவு செய்ய வேண்டும் என்பது இப்போது உலகம் ஒப்புக்கொண்ட முறை. மாமி வர ஆசைப்பட்டால் கூட்டிக்கொண்டு போம். ஆனால் ஜெயசிக்குறுக் கதை வாசலோடு நிற்க வேண்டும், உள்ளே நாரி தடவுகிற வேலை மட்டும்தான்.

இதை அவவுக்கு வாசித்துக் காட்டும். கோபித்தால் என்னுடைய இலக்கத்தை அனுப்புகிறேன், கொடும். அந்தக் காலத்து மல்லாவியைப் பற்றி எங்கள் இரண்டு பேருக்கும் கதைக்கக் கன விசயம் இருக்கும்.