உப்புநீரும் தண்ணீரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற ஆண்டு மின்சார ஸ்கூட்டர் வாங்கினேன். 3 யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரி. வீட்டுக்கும் கம்பெனிக்குமாகத் தினம் 22 கிலோமீட்டர். பெட்ரோல் காசு மிச்சம், புகையும் இல்லை என்று சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஷிஃப்டில் உடன் வேலை செய்யும் நண்பர் ஒரு வீடியோவைக் காட்டி, "உன் வண்டிப் புகை சிலியில வருதுடா. ஒரு டன் லித்தியத்துக்கு 20 லட்சம் லிட்டர் தண்ணி, அதுவும் பாலைவனத்துல" என்கிறார். உண்மையா? உண்மையென்றால் வண்டியை விற்றுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

விற்க வேண்டாம். வாங்குகிறவரும் அதை ஓட்டத்தான் போகிறார். பேட்டரிக்கு உள்ளே இருக்கும் லித்தியம் என்ற உலோகம் சிலிக்குத் திரும்பிப் போகாது.

நண்பர் சொன்ன எண் பல வருடங்களாகச் சுற்றிவருவது. அதை அப்படியே எடுத்துக்கொள்வோம். உங்கள் பேட்டரியில் லித்தியம் 300, 400 கிராம் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 600 முதல் 800 லிட்டர், மொட்டை மாடியில் நிற்கும் ஒரு சின்டெக்ஸ் தொட்டி. இவ்வளவுதானா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அது எந்தத் தண்ணீர், எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் லிட்டரை மட்டும் எண்ணிப் பயனில்லை.

தென் அமெரிக்க நாடான சிலியின் வடக்கில் இருக்கிறது அட்டகாமா உப்புப் படுகை. 2300 மீட்டர் உயரம், சுமார் 3000 சதுர கிலோமீட்டர். மேலே உப்பு ஓடு. அடியில் கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பேறிய நீர். அதில் லித்தியம் 0.2 சதவீதம் இருந்தாலே அதிகம். பம்ப் வைத்து இறைத்துப் பாத்திகளில் நிறுத்துகிறார்கள். தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்தவருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. நாம் உப்பை வாரிக்கொண்டு மிஞ்சும் கசப்பு நீரைக் கழித்துவிடுவோம். அங்கே முதலில் படியும் சாப்பாட்டு உப்பை ஒதுக்கி, பிறகு படியும் பொட்டாசிய உப்பைப் பிரித்துவிட்டு, அந்தக் கடைசி நீருக்காகத்தான் காத்திருக்கிறார்கள். வருடத்துக்கு மேல் வெயிலில் நிற்கும். நீலமாக விட்டது பச்சையாகி மஞ்சளாகும். லித்தியம் 6 சதவீதத்தை நெருங்கியதும் லாரியில் ஏறி அந்தோபகஸ்தா பக்கத்து ஆலைக்குப் போகும். மற்ற தண்ணீரெல்லாம் ஆவி.

சிலியின் சட்டத்தில் இந்த உப்புநீர் கனிமம். தண்ணீர்க் கணக்கிலேயே வராது. "எங்கள் நன்னீர்ச் செலவு குறைவு" என்று கம்பெனிகள் சொல்வது அதனால் பொய்யும் இல்லை. வக்கீல் மூளை என்று இதைத்தான் சொல்வார்கள்.

நிலத்துக்கு அந்தச் சட்டம் தெரியாதே. ஆண்டீஸ் மலையின் மழையும் பனியும் மண்ணுக்குள் இறங்கி வந்து, கனமான உப்புநீரில் முட்டி, படுகையின் ஓரங்களில் குட்டைகளாக மேலெழும்புகின்றன. அந்தக் குட்டைகளில் மூன்று இனப் பூநாரைகள் மேய்கின்றன. நம் கடற்கரை ஊர்களில் நன்னீரை அதிகம் உறிஞ்சினால் கிணற்றில் உப்பு ஏறும். அங்கே பயம் தலைகீழ்: நடுவில் உப்புநீரை உறிஞ்ச உறிஞ்ச, ஓரத்து நன்னீர் உள்ளே சரிந்துவிடும். எவ்வளவு சரிந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை தீரவில்லை. 2022ல் வந்த ஓர் ஆய்வு, அங்கே இரண்டு இனப் பூநாரைகள் 11 ஆண்டுகளில் 10 முதல் 12 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது.

பூநாரையைவிட எனக்கு மனதில் நிற்பது ஒரு மரம். அல்கரோபோ. நம் வன்னிக்கும் சீமைக் கருவேலத்துக்கும் பங்காளி. வெகு ஆழத்திலிருந்தும் நீரைத் தேடிக் குடிக்கும். சீமைக் கருவேலம் நிலத்தடி நீரைக் குடித்துத் தீர்க்கிறது என்று நாம் திட்டுகிறோம். அதன் உறவுக்கார அல்கரோபோ மரங்கள், அங்கே லித்தியம் எடுக்கும் எஸ்க்யூஎம் கம்பெனி நன்னீர் எடுத்த இடத்தில், மூன்றில் ஒன்று வாட ஆரம்பித்திருந்ததை 2013ல் அதிகாரிகள் பார்த்தார்கள். 2016ல் அரசு அந்தக் கம்பெனி மேல் குற்றம் சாட்டியது. அனுமதித்ததைவிட அதிகம் உப்புநீர் இறைத்ததும் அதில் சேர்த்தி. சரிசெய்கிறோம் என்று கம்பெனி கொடுத்த திட்டத்தை அரசு ஏற்றுக்கொண்டது. படுகையோரத்துப் பேய்னே, காமர் ஊர்களின் பூர்வகுடிகள் வழக்குப் போட்டார்கள். 2019 டிசம்பரில் நீதிமன்றம் அந்தத் திட்டத்தைத் தள்ளிவிட்டது.

உங்கள் நண்பருக்கும் ஒரு சேதி. அதே படுகையின் தெற்கிலிருந்து எஸ்கோண்டிடா செப்புச் சுரங்கம் 2019 வரை பல வருடம் நன்னீரையே இறைத்தது. செப்புக் கம்பி அவருடைய பெட்ரோல் வண்டியிலும் இருக்கிறது, வீடியோ காட்டிய போனிலும் இருக்கிறது.

கரிப்புகைக் கணக்கில், நிலக்கரி மின்சாரத்தில் சார்ஜ் போட்டாலும் உங்கள் ஸ்கூட்டர்தான் தேவலை. என் கோபம் 75 யூனிட் பேட்டரியோடு ஒற்றை ஆள் ஓட்டிப்போகும் பெரிய கார்கள் மேல். அதில் உங்கள் வண்டி மாதிரி 25 ஓடும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். பேட்டரி ஓய்ந்தபின் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை இந்திய அரசின் 2022 பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர் தலையில்தான் வைத்திருக்கின்றன. வண்டி வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.