பக்கத்துல இருக்குற கேரளாவுல நர்ஸ் சம்பளம் அதிகமாமே, தமிழ்நாட்டுல ஏன் கம்மி?

அங்க யூனியன் பலம்ங்க, அதான் பெரிய காரணம். 2016ல சுப்ரீம் கோர்ட் சொல்லி மத்திய அரசு போட்ட கமிட்டி, சின்ன பிரைவேட் ஆஸ்பத்திரியில கூட நர்ஸுக்கு மாசம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது, 200 பெட்டுக்கு மேலன்னா கவர்மெண்ட் சம்பளமே தரணும்னு சொல்லிச்சு, ஆனா அது பரிந்துரைதான், செய்யுறது மாநிலத்தோட கையில. கேரள நர்ஸுங்க ஸ்ட்ரைக் பண்ணி 2018ல மினிமம் வேஜ் உத்தரவே வாங்கிட்டாங்க.

இங்க 2015ல கவர்மெண்டே கான்ட்ராக்ட்ல எடுத்த நர்ஸுங்களுக்கு 7,700 தான் குடுத்துச்சு, ரெண்டு வருஷத்துல பெர்மனன்ட்னு சொன்னது இழுத்துக்கிட்டே போய் 2017 நவம்பர்ல சென்னையில மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்குற டிஎம்எஸ் வளாகத்துல உக்காந்து போராடினாங்க. கவர்மெண்டே இப்படின்னா பிரைவேட்காரன் எதுக்கு ஏத்தித் தரப்போறான்? நைட் ட்யூட்டியில ஒரே பொண்ணு வார்டு முழுக்க டிரிப் மாத்தி, பிபி பாத்து, சார்ட்டும் எழுதணும், ரொம்ப அநியாயம்ங்க இது. வேலைக்குச் சேரும்போது, இத்தனை வருஷம் விட்டுப் போகமாட்டேன்னு எழுதி வாங்குற பாண்ட் இருக்கா, ஒரிஜினல் சர்டிபிகேட்ட வாங்கி வச்சுக்குவாங்களான்னு முதல்லயே கேட்டுருங்க.