பட்டுப்போன ஆஷ் மரத்தை எரிக்கலாமா? கேள்வி பதில்

அமெரிக்காவின் மிச்சிகன், கனடாவின் ஒன்டாரியோ பக்கம் 'எமரால்டு ஆஷ் போரர்' என்ற பச்சை வண்டு தின்று வீட்டுக்கு வீடு பட்டு நிற்கும் ஆஷ் மரங்களை என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தார்கள். குளிர்காலம் முழுவதும் விறகடுப்பில் வீட்டைச் சூடாக்கும் ஒருவர் பதில் சொல்கிறார்.

மார்க்கம் வாசகர்: ஐயா, வண்டு தின்று முடித்த மரத்தில் விறகாக என்ன மிஞ்சியிருக்கும்?

ஏறக்குறைய முழு மரமும் மிஞ்சியிருக்கும். இந்தப் பச்சை வண்டின் புழு மரத்தின் உள்ளே ஆழமாகப் போவதில்லை. பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய அடுக்கைத்தான் தின்கிறது. இலை தயாரித்த உணவு கீழே இறங்கும் வழி அதுதான் என்பதால், அது அறுந்ததும் சில ஆண்டுகளில் மரம் பட்டுவிடுகிறது. பட்டையை உரித்தால் பாம்பு ஊர்ந்த தடம்போல் நெளிநெளியான பள்ளங்கள் தெரியும். பட்டையின் மேல் 3 மில்லிமீட்டர் அளவில், ஒருபக்கம் தட்டையான அரைவட்ட ஓட்டைகள் இருந்தால் வண்டு வெளியேறிவிட்டது என்று பொருள். உள்மரம் கெடாமல் இருக்கும். வெப்பத்தில் சர்க்கரை மேப்பிளுக்குப் பெரிதாகக் குறையாத விறகு. கோடாலிக்கும் எளிதில் பிளக்கும். (நம் மல்லிகையும் இந்த மரமும் ஒரே தாவரக் குடும்பம். எனக்கு இது இன்னும் வியப்புதான்.)

ஆனால் ஆண்டுக்கணக்கில் நிற்கவிடாதீர்கள். ஆஷ் மரத்துக்கு மக்கலைத் தாங்கும் சக்தி கிடையாது.

ஆன் ஆர்பர் வாசகர்: நின்றபடியே காய்ந்த மரம்தானே? வெட்டிய அன்றே அடுப்பில் வைக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

உச்சிக் கிளைகளுக்கு அவர் சொல்வது பொருந்தலாம். அடிமரத்துக்குப் பொருந்தாது, பட்ட பிறகும் அங்கே ஈரம் தங்கியிருக்கும். காயாமல் பச்சையாக இருந்தாலும் ஆஷ் எரியும் என்ற பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டால் பச்சை ஆஷில் நீர் சுமார் 45 சதவீதம்தான். சிவப்பு ஓக்கில் 70 முதல் 80 வரை. அதற்காக 45 சதவீதம் காய்ந்த விறகாகிவிடாது. நீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு போய்விடும். புகைபோக்கியில் தார் படியும், அது ஒருநாள் தீப்பிடிக்கும். பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றாட விடுங்கள். ஈரமானியை வெளிமுகத்தில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் பாருங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால் எரிக்கலாம்.

பிராம்ப்டன் வாசகர்: சங்கிலி ரம்பம் வாங்கியிருக்கிறேன். நானே வெட்டிவிடலாமா அண்ணா?

தம்பி, ரம்பம் இருக்கட்டும். விழுந்து கிடக்கும் மரத்தைத் துண்டு போடப் பயன்படுத்துங்கள். நிற்கும் பட்ட ஆஷ் மரத்தில் கை வைக்காதீர்கள்.

வண்டு கொன்ற ஆஷ் மிக வேகமாக நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ரம்பத்தின் அதிர்வுக்கே மேல்கிளை முறிந்து தலையில் விழலாம். அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. ஆஷுக்கு நார் நேராக ஓடும். சாய்ந்து நிற்கும் மரத்தைப் பாதி வெட்டும்போதே தண்டு நெடுக்காகப் பிளந்து, பிளந்த பாதி பின்னோக்கி உதைக்கும். நன்றாகப் பழகியவர்களே இதில் உயிரிழந்திருக்கிறார்கள். கூலிக்கு வருபவர் கயிறு கட்டி மரத்தின் மேல் ஏறப் பார்த்தாலும் தடுத்துவிடுங்கள். தூக்குக்கூடை வண்டியோ கிரேனோ வைத்திருப்பவரை அழையுங்கள். மரம் பட்ட உடனே வெட்டினால் செலவும் குறையும். தள்ளிப்போடப் போட ஆபத்தும் கூலியும் சேர்ந்து ஏறும்.

டெட்ராய்ட் வாசகர்: கோடையில் முகாமுக்குப் போகும்போது காரில் நாலு கட்டை எடுத்துப் போனால் என்ன ஆகிவிடும்?

இந்த வண்டு கண்டம் முழுக்கப் பரவியதில் பெரும்பங்கு அந்த நாலு கட்டைக்கு உண்டு. கிழக்காசியாவிலிருந்து சரக்குப் பெட்டி மரத்தில் வந்திருக்கலாம் என்று கருதப்படும் இந்த வண்டு, 2002இல் உங்கள் ஊர்ப் பக்கம்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. தானாகப் பறந்தால் பெரும்பாலும் சில கிலோமீட்டரோடு நின்றுவிடும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் போனது மனிதர்களின் வண்டியில், விறகுக்குள். வெட்டிய கட்டையிலிருந்தும் அடுத்த கோடையில் வண்டு வெளிவரும். சில சமயம் அதற்கடுத்த கோடையிலும் வரும். காய்ந்துவிட்டதே என்ற தைரியம் உதவாது.

2021 ஜனவரியில் அமெரிக்க மத்திய அரசு இந்த வண்டுக்கான தனிமைப்படுத்தல் விதியை விலக்கிக்கொண்டது. அதைப் படித்துவிட்டு, இனி எங்கும் கொண்டுபோகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் மாநிலங்களும் பூங்காக்களும் தத்தம் விதிகளை வைத்திருக்கின்றன. கனடாவில், கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து எந்த இன விறகையும் அனுமதியின்றி வெளியே எடுத்துச் செல்லக் கூடாது. முகாமுக்கு அருகிலேயே விறகு வாங்குங்கள். கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால், உள்மையம் 60 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடேற்றப்பட்டதாக முத்திரையிட்ட விறகை வாங்குங்கள்.

விண்ட்சர் வாசகி: விறகை வீட்டுக்குள் அடுக்கினால் வண்டு கதவு, கட்டிலைத் தின்னுமா?

இந்தப் பச்சை வண்டு தின்னாது, அம்மா. அதற்கு உயிருள்ள ஆஷ் மரம் வேண்டும். ஆனால் காய்ந்த மரத்தை மாவாக அரிக்கும் வேறு வண்டுகள் ஆஷை விரும்பும். ஓரிரு நாளுக்கு வேண்டிய விறகை மட்டும் உள்ளே எடுங்கள். மீதி வெளியே, சுவரை ஒட்டாமல் இருக்கட்டும்.

ஸ்காபரோ வாசகி: தைப்பொங்கலுக்கு முற்றத்தில் இந்த விறகை மூட்டிப் பானை வைக்கலாமா?

விறகில் குறையில்லை. பூஞ்சை பிடித்ததை மட்டும் ஒதுக்குங்கள். சிக்கல் விறகில் இல்லை, ஊரில்தான். டொராண்டோவில் திறந்தவெளியில் தீ மூட்டப் பொதுவாக அனுமதி கிடையாது. தீயணைப்புத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

லண்டன், ஒன்டாரியோ வாசகர்: ஒரு 'கார்டு' என்று பணம் வாங்கிக்கொண்டு சிறு குவியலை இறக்கிவிட்டுப் போகிறார்கள். சரியா?

முழுக் கார்டு என்பது 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம். 128 கன அடி. 'ஃபேஸ் கார்டு' என்றால் 16 அங்குலக் கட்டையில் ஒரே வரிசை, அதாவது மூன்றில் ஒரு பங்கு. எதற்கு விலை சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். இறக்கியதும் அடுக்கி அளந்துவிட்டே பணம் கொடுங்கள்.