பழைய மாருதி 800-இன் பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குக் கிட் (உள்ளிருக்கும் ரப்பர் வாஷர்களின் தொகுப்பு) மாற்றினால் போதுமா, முழுதாகப் புதிது வாங்க வேண்டுமா?

பெடலை அழுத்திப் பிடித்திருந்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது, சக்கரங்களில் ஒழுகல் இல்லை, பிரேக் ஆயில் டப்பாவிலும் ஆயில் குறையவில்லை என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரின், அதாவது பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் உருளையின், உள்கசிவுதான். பிஸ்டனில் உள்ள ரப்பர் வாஷர் தளர்ந்துபோய், முன்னே தள்ளப்பட வேண்டிய ஆயில் அதன் ஓரமாகப் பின்னால் நழுவிவிடுகிறது.

கிட் மலிவு என்பதற்காக முடிவெடுக்காதீர்கள். சிலிண்டரின் உட்சுவர்தான் இதைத் தீர்மானிக்க வேண்டும். என் 800-இல் பிஸ்டனை உள்ளே நிறுத்தி வைக்கும் லாக் வளையத்தைக் கழற்றி, பிஸ்டன்களை வெளியே எடுத்துவிட்டு, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் கடுகளவுக் கரும்புள்ளிகள் தெரிந்தன. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் உலோகத்தை அரித்த தடம் அது. மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி வருடினால், ஒவ்வொரு புள்ளியிலும் நுனி தட்டி நின்றது. புது ரப்பரையும் அந்தப் பள்ளங்கள் விரைவில் கிழித்துவிடும். ஆகவே முழு சிலிண்டரையே மாற்றினேன். பக்கத்து வீட்டு அம்பாசிடரில் சுவர் வழுவழுப்பாக இருந்தது. அதற்குக் கிட் போட்டோம், இன்றுவரை நன்றாகப் பிடிக்கிறது.

லேசான கீறல்களை ஹோனிங் செய்து, அதாவது உட்சுவரை மெல்லத் தேய்த்து, எடுக்கலாம் என்பார்கள். முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வார்ப்பிரும்பு, மிக மெல்லிய ஹோனிங்கைத் தாங்கும். ஒட்டாவிட்டால் அலுமினியம், உட்சுவரின் கடினப் பூச்சு போய்விடும் என்பதால் உப்புத்தாள்கூடப் படக்கூடாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல பட்டறைகளில் எல்லாப் பாகங்களையும் மண்ணெண்ணெயிலோ டீசலிலோதான் கழுவுகிறார்கள். பிரேக் ரப்பருக்கு அது நஞ்சு. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப் பருத்துவிடும். மிதித்த பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும். கிரீஸும் ஆகாது. உங்கள் கண்ணெதிரே புது பிரேக் ஆயிலில் கழுவச் சொல்லுங்கள். பொருத்தும்போது வாஷர்களிலும் அதையே தடவச் சொல்லுங்கள். இதற்குத் தயங்காதீர்கள், வண்டியில் போவது உங்கள் குடும்பம்.

டப்பாவிலிருந்து சிலிண்டருக்குள் இறங்கும் துளைகளில் ஊசிமுனை அளவுத் துளை இருந்தால் மெல்லிய செம்புக் கம்பியால் மட்டும் சுத்தம் செய்யுங்கள், பெரிதாக்கிவிடக் கூடாது. காலை எடுத்ததும் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் வழி அது. அடைத்துக்கொண்டால் பிரேக் இறுகியே நிற்கும், டிரம் சுடும்.

வண்டியில் மாட்டுமுன் சிலிண்டரை வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, பிஸ்டனை மெதுவாகத் தள்ளித் தள்ளி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு சக்கரங்களில் ஏர் எடுக்கும்போது (பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது), பழைய சிலிண்டரையே கிட் போட்டு வைத்திருந்தால், பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். தரைவரை மிதித்தால் வழக்கமாகப் போகாத துருப்பிடித்த பகுதிக்குள் புது வாஷர் போய் உரசும். ஆயில் டப்பா மூடியில் போட்டிருக்கும் தரத்தையே வாங்குங்கள். டாட் 3 என்றால் புதிதில் 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பின் 140 வரை இறங்கிவிடும். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

எல்லாம் முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை அழுத்திப் பிடியுங்கள். தொடக்கத்தில் சற்று இறங்கி அப்படியே நிற்க வேண்டும். அதன் பிறகும் இறங்கிக்கொண்டே போனால் வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீர்கள்.