ஐந்தாம் வகுப்பில் யாருக்கு எந்தப் புத்தகம் தருவது என்று எப்படி முடிவு செய்வது?

தொடக்கப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். உங்கள் ஐந்தாம் வகுப்பில் சிலர் இன்னும் எழுத்துக் கூட்டுகிறார்கள், சிலர் தண்ணீர் பட்ட பாடாக வாசிக்கிறார்கள். அலமாரியில் உள்ள புத்தகங்களில் யாருக்கு எதைக் கொடுப்பது, எளிய புத்தகத்தைக் கையில் கொடுத்தால் பெரிய பிள்ளை கூனிக்குறுகிப் போகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில் ஒன்றியப் பள்ளி ஆசிரியை. இந்தக் கேள்வியோடுதான் ஒவ்வொரு ஜூன் மாதமும் வகுப்புக்குள் போகிறேன். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், புத்தகத்தின் அட்டையில் போட்டிருக்கும் வகுப்பு எண்ணை மறந்துவிடுங்கள். பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதித்துப் பார்க்கும் ஏசர் (ASER) என்ற ஆய்வின் 2024 அறிக்கையின்படி, இந்தியக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 48.8 விழுக்காட்டினரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. அதாவது 'ஐந்தாம் வகுப்புப் புத்தகம்' என்று அச்சிட்டு வருவது பாதிப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. உங்கள் வகுப்பில் நீங்கள் பார்ப்பது உங்கள் பள்ளியின் தனிக் குறையல்ல.

யார் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துகொள்ள, ஏசர் குழுவினர் செய்வதையே நானும் செய்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை. முதலில் நான்கு எளிய வாக்கியங்கள் கொண்ட ஒரு பத்தியைக் கொடுப்பது. அதைத் தடங்கலின்றி வாசித்தால் கொஞ்சம் நீளமான ஒரு கதை. பத்தியிலேயே திணறினால் சொற்கள், சொற்களும் வரவில்லையென்றால் எழுத்துகள். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும். மற்றவர்கள் படம் வரையும் நேரத்தில் வராந்தாவில் உட்கார்ந்து கேட்டுவிடலாம். மற்ற பிள்ளைகளின் காது படாத இடமாக இருக்க வேண்டும், அது முக்கியம்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்த படியைப் பற்றித்தான்.

அமெரிக்கக் கல்வியாளர் எம்மெட் பெட்ஸ் 1946இல் ஓர் அளவுகோல் சொன்னார். நூறு சொற்களில் 99 சரியாக வாசித்தால் அந்த நூல் பிள்ளை தனியாக வாசிக்க ஏற்றது. 95 என்றால் ஆசிரியர் துணையோடு வாசிக்க ஏற்றது. 90க்குக் கீழே போனால் பிள்ளை சோர்ந்துபோகும். பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரும் ஐந்து விரல் முறையும் (ஒரு பக்கத்தில் தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு, ஐந்தும் மடங்கினால் புத்தகத்தை மாற்று) இதே போன்றதுதான். ஆனால் பெட்ஸ் சொல் கணக்கோடு புரிதல் கணக்கையும் சேர்த்தே வைத்தார். தனியாக வாசிக்க ஏற்றது என்றால் கேள்விகளில் 90 விழுக்காட்டுக்காவது சரியான விடை வர வேண்டும் என்றார். நடைமுறையில் நாம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

தமிழுக்கு அந்தப் பாதி போதவே போதாது. நம் எழுத்துமுறையில் எழுத்து தெரிந்தால் பெரும்பாலும் ஒலி வந்துவிடும். ஆகவே ஒரு வரிகூடப் புரியாமல் ஒரு முழுப் பக்கத்தைப் பிழையின்றி வாசித்துவிட முடியும். என் வகுப்பில் ஒரு பெண், கடகடவென்று வாசிப்பாள், ஆண்டுவிழாவில் மைக் அவள் கையில்தான். கதையை மூடிவிட்டு "அந்தப் பாட்டி ஏன் திரும்பி வந்தாங்க?" என்று கேட்டால் முழிப்பாள். சொல் கணக்குப்படி அவளுக்கு நூற்றுக்கு நூறு. அதே வகுப்பில் ஒரு பையன் ஒவ்வொரு சொல்லையும் உடைத்து உடைத்து வாசிப்பான். ஆனால் கதையைச் சொல்லச் சொன்னால், எழுதியவர் விட்டதையும் சேர்த்துச் சொல்வான். பிழையை மட்டும் எண்ணினால் அவளுக்குப் பெரிய புத்தகமும் இவனுக்கு எழுத்து அட்டையும் போய்ச் சேரும். இரண்டும் தவறான கைக்குப் போன புத்தகங்கள். அவளுக்குத் தேவை சின்னக் கதையும் அதைப் பற்றிய நிறையப் பேச்சும். அவனுக்குத் தேவை நல்ல கதை உள்ள, ஆனால் வரிகள் குறுகிய, எழுத்து பெரிதான புத்தகம்.

அதனால் என் குறிப்பேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டம் இருக்கும். ஒன்று எப்படி வாசித்தான், மற்றது என்ன சொன்னான். இரண்டாவதற்கு நான் வினாத்தாள் வைப்பதில்லை. "கதையை எனக்குச் சொல்லு" என்பது ஒன்று, 'ஏன்' என்று தொடங்கும் ஒரு கேள்வி இன்னொன்று. அவ்வளவுதான்.

இனி புத்தகத்தின் பக்கம் வருவோம். எது கடினம், எது எளிது என்பதைப் பக்க எண்ணிக்கை சொல்லாது. பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் சிறுவர் கதைகளை நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். சுமார் 250 சொற்களுக்குள் முதல் நிலை, 600 வரை இரண்டாவது, 1500 வரை மூன்றாவது, அதற்கு மேல் நான்காவது. தொடங்குவதற்கு நல்ல வழிகாட்டி, நானும் அங்கிருந்துதான் நிறைய அச்செடுக்கிறேன். ஆனால் தமிழில் சொல்லை எண்ணுவது ஏமாற்றும். 'வந்துகொண்டிருந்தவர்களையெல்லாம்' என்பது எண்ணிக்கையில் ஒரு சொல். 17 எழுத்துகள். எழுத்துக் கூட்டும் பிள்ளை அதன் கடைசிக்கு வந்து சேர்வதற்குள் முதல் பகுதியை மறந்திருக்கும்.

நான் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்ததும் பார்ப்பது சொற்கள் பிரித்து எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதைத்தான். 'அவளுக்கொன்றுமில்லை' என்பதை விட 'அவளுக்கு ஒன்றும் இல்லை' பல மடங்கு எளிது. பொருள் ஒன்றே, ஆனால் முதலாவதில் பிள்ளைக்குத் தெரிந்த மூன்று சொற்களும் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்கின்றன. அடுத்து, வரி முடியும் இடத்தில் சொல்லை உடைத்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். 'பார்த்துக்கொண்/டிருந்தான்' என்று இரண்டு வரியில் கிடந்தால், தேர்ந்த வாசகருக்கு அது ஒன்றுமில்லை, புதிதாக வாசிப்பவருக்குப் பெரிய பள்ளம். பிறகு கொம்பும் காலும். கொ, கோ, கை போன்ற எழுத்துகளில் கொம்பு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெரியாத எழுத்துருவில் அச்சடித்த புத்தகத்தை நான் தொடக்க நிலைப் பிள்ளைக்குக் கொடுப்பதே இல்லை.

மொழிபெயர்ப்புக் கதைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. 'தம்பி'யில் வரும் 'பி' எப்படி ஒலிக்கும் என்று பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, காது அறிந்த சொல் அது. 'போலா' என்று ஒரு பையன் கதைக்குள் வந்தால் அதன் முதல் ஒலி P-யா B-யா என்று எழுத்து சொல்லாது. முதல் பக்கத்திலேயே நின்றுவிடுவார்கள். அப்படிப்பட்ட கதையை விலக்க வேண்டாம், கொடுக்கும்போதே அந்தப் பெயரை வாயால் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

பேச்சு வழக்கு பற்றியும் கேட்பீர்கள். 'போயிட்டான்', 'வந்துருச்சு' என்று உரையாடல் எழுதிய புத்தகம் எளிது என்று நினைப்போம். காதுக்கு எளிது, கண்ணுக்கு அல்ல. பாடநூலில் 'போய்விட்டான்' என்றே பார்த்துப் பழகிய பிள்ளை அந்த எழுத்துக் கோவையில் தடுமாறும். ஆனால் சத்தமாக வாசித்த மறு நொடி முகம் மலரும். அப்படிப்பட்ட புத்தகங்களை நான் எளிதுக்கும் கடினத்துக்கும் நடுவில் வைத்திருக்கிறேன்.

2023இல் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வழியாக வந்த சிறு புத்தகங்கள் உங்கள் பள்ளியிலும் இருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு பிரிவு. அந்தப் பெயர்கள் எனக்கு மிகவும் பிடிக்கும், எந்தப் பிள்ளையையும் தாழ்த்தாத பெயர்கள். என் அலமாரியில் மற்ற பதிப்பகங்களின் புத்தகங்களையும் அதே நான்கு பெயரில்தான் பிரித்து வைத்திருக்கிறேன். பிரித்தது நான் மட்டுமல்ல. எந்தப் புத்தகம் எந்த வரிசைக்குப் போக வேண்டும் என்று சரளமாக வாசிக்கும் பிள்ளைகளோடு பேசித்தான் முடிவு செய்தோம். அவர்கள் என்னைவிடச் சரியாகச் சொல்கிறார்கள்.

கூச்சம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. நிலை என்பது புத்தகத்துக்கு உரியது, பிள்ளைக்கு உரியது அல்ல. "நீ நட, அவன் ஓடு" என்று ஒருபோதும் பெயர் சூட்டாதீர்கள். புத்தகத்தின் நிலையைக் காட்டும் வண்ணத் தாளைப் பின்னட்டையின் உட்பக்கம் ஒட்டுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போகும் புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கட்டும், கடினமானதை எடுத்தாலும் தடுக்காதீர்கள். உங்கள் தேர்வு வகுப்பில் தனியாக வாசிக்கும் அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும்.

எழுத்து நிலையில் இருக்கும் பத்து வயதுப் பையனுக்குக் கோழிக்குஞ்சுக் கதை கொடுத்தால்தான் கூச்சம் வருகிறது. வயதுக்கேற்ற விஷயமும் எளிய மொழியும் சேர்ந்த புத்தகங்கள் தமிழில் மிகக் குறைவு. இந்த இடைவெளி எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. அதனால் நாங்களே உருவாக்கிக்கொள்கிறோம். பையன் சொல்வான், நான் எழுதுவேன். அப்பா வல்லத்தில் (மீன்பிடிப் படகில்) போனது, கச்சான் காற்றில் கடல் குமுறியது, நண்டு வலை அறுந்தது. ஐந்தாறு வரி. அவன் வாயிலிருந்து வந்த சொற்கள் என்பதால் வாசிக்கும்போது அடுத்த சொல் என்னவென்று அவனுக்கே தெரியும், ஊகம் எழுத்துக்குக் கைகொடுக்கும். மறுநாள் அதே வரிகளைப் புத்தக மொழிக்கு மாற்றி இருவருமாக எழுதுவோம். இப்படி ஒரு கட்டு அட்டைகள் சேர்ந்ததும் அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு அதுவே 'நுழை' வரிசை.

தெரிந்த உலகம் ஒரு பிள்ளையை அதன் நிலைக்கு மேலே தூக்கிவிடும் என்பதையும் கவனத்தில் வையுங்கள். பனி பெய்யும் ஊர்க் கதையில் திணறுகிற அதே பையன், ஆமைகள் கரையேறி முட்டையிடுவது பற்றிய, அதைவிடக் கடினமான புத்தகத்தை விடாமல் வாசித்து முடிக்கிறான். ஆகவே ஒரே பத்தியைக் கேட்டுவிட்டு நிலையை முடிவு செய்யாதீர்கள். அவனுக்குப் பழக்கமான விஷயத்தில் ஒன்று, பழக்கமில்லாததில் ஒன்று, இரண்டையும் கேளுங்கள். இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் தெரிந்தால் பழக்கமான விஷயத்தில் கொஞ்சம் கடினமான புத்தகத்தைத் தாருங்கள். புதிய விஷயமென்றால் ஒரு படி எளிதானதைத் தாருங்கள்.

மாதம் ஒரு முறை மறுபடி கேட்டால் போதும். பத்தியை மட்டும் மாற்றிவிடுங்கள், பழையதை மனப்பாடம் செய்திருப்பார்கள்.